கண்ணீர்ப்பையில் சீழ்: டிசிஆரா, டிசிடியா, சொட்டு மருந்தே போதுமா?

“தொண்டைக்குத் தண்ணி வருதாம்மா?”

கண்புரை அறுவைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் எங்கள் நர்ஸ் கேட்கிற கேள்வி இது. கீழ் இமையின் மூக்கோர முனையில் குண்டூசி முனையளவு ஒரு துளை இருக்கிறது. முனை மழுங்கிய ஊசியை அதில் வைத்து உப்புநீரை மெல்லச் செலுத்துவார்கள். வழி திறந்திருந்தால் நீர் மூக்குக்குள் இறங்கித் தொண்டையில் உப்புக் கரிக்கும். அன்றைக்கு அந்த அம்மாவுக்குக் கரிக்கவில்லை. உள்ளே போன நீர் மேல் இமைத் துளை வழியாகத் திரும்பி வந்தது. கூடவே மஞ்சளாக, நூல் நூலாகச் சீழ்.

அவர் பதறவே இல்லை. “அது தினமும் வர்றதுதானே தாயி. காலையில எந்திரிச்சதும் இந்த ஓரத்தை அமுக்கி எடுத்துருவேன். அப்புறம் பொழுதுக்கும் தொந்தரவு இல்ல” என்றார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். மகள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்றார். அந்த மகளின் பிள்ளைக்கு அப்போது பத்து வயது.

கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் கவுன்சிலராகப் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனதை இருபது நிமிஷம் உட்கார்ந்து புரியவைப்பதுதான் என் வேலை. புரைக்கென்று வந்தவரிடம் “முதலில் மூக்கோரத்தில் ஒரு ஆபரேஷன்” என்று சொல்ல நேரும்போது அந்த முகம் வாடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சொட்டு மருந்து, கண்ணீர் வடியப் புதுவழி வெட்டும் டிசிஆர், கண்ணீர்ப்பையையே எடுத்துவிடும் டிசிடி என்று என்னென்ன வழிகள் இருக்கின்றன, யாருக்கு எது பொருந்தும், எந்த நேரத்தில் யோசித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். முடிவு உங்கள் கண்ணைப் பார்த்த மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டியது.

புரையை ஏன் உடனே எடுக்க மாட்டார்கள்?

கண்ணில் சுரக்கும் நீர் இமைத் துளைகள் வழியாக மூக்கோரம் இருக்கும் கண்ணீர்ப்பைக்குப் போய், அங்கிருந்து ஒரு எலும்புக் குழாய் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அந்தக் குழாய் அடைபட்டால் பையில் நீர் தேங்கும். தேங்கிய குட்டையில் பாசி பிடிப்பது போலக் கிருமி குடியேறும். பெண்களுக்கு இந்தக் குழாய் இயல்பிலேயே சற்றுக் குறுகல். அதனால் நாற்பது வயதைக் கடந்த பெண்கள்தான் இந்தத் தொல்லையோடு அதிகம் வருகிறார்கள்.

வலியில்லை, பார்வையிலும் குறைவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் கருவிழிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் சீழ்ப்பை ஒன்று இரவும் பகலும் திறந்து கிடக்கிறது. கருவிழியின் மேல்தோல் கெட்டியாக இருக்கும்வரை கிருமியால் எதுவும் செய்ய முடியாது. நெல் தூற்றும்போது ஒரு உமியோ மாட்டு வாலின் மயிரோ பட்டுச் சின்னக் கீறல் விழுந்துவிட்டால் போதும், பையிலிருக்கும் கிருமி அதில் இறங்கிவிடும். 1994-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு மூன்று மாதத்தில் வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. பாக்டீரியா வளர்ந்தவர்களில் 44 சதவீதம் நிமோகாக்கஸ். அடைபட்ட கண்ணீர்ப்பையில் விரும்பிக் குடியிருக்கும் கிருமிகளில் அதுவும் ஒன்று. அந்தப் புண் வேகமாகப் பரவும், கருவிழியைத் துளைக்கவும் செய்யும். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு விட்டுப் போகும்.

புரை அறுவையும் கருவிழி ஓரத்தில் போடும் ஒரு கீறல்தான். பக்கத்தில் சீழ் ஊறிக்கொண்டிருக்கும்போது அந்தக் கீறலைப் போட்டால் கிருமி கண்ணுக்குள்ளேயே போய்விடலாம். அப்படி உள்ளே சீழ் பிடித்தால் ஓரிரு நாளில் பார்வையே போகக்கூடும். அதனால்தான் நம் ஊரில் புரை அறுவைக்கு முன் உப்புநீர் விட்டுப் பார்க்கிறார்கள். அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியது அவருடைய கண்ணைக் காப்பாற்றத்தான். அதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

சொட்டு மருந்தும் பொறுமையும்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். சொட்டு மருந்து சீழைக் குறைக்கும். பீளை அடங்கும், கண் வெளுக்கும். ஆனால் அடைப்பு அடைப்பாகவே இருக்கும். மருந்தை நிறுத்திய சில வாரங்களில் பழைய நிலைக்கே வந்துவிடுவதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வீட்டில் விசேஷம், அறுவடை, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டியிருந்தால் மருத்துவர் எழுதிய மருந்தோடு தள்ளிப்போடுவது நியாயம்தான். அதையே வைத்தியமாக எடுத்துக்கொள்வதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களும், வயல், செங்கல் சூளை, மர அறுவை என்று தூசியில் நிற்பவர்களும் அந்தச் சீழ்ப்பையை வைத்துக்கொண்டு இருக்கவே கூடாது.

மருந்துக் கடையில் “கண் சிவப்புக்கு” என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் சிவப்பு ஓடிவிடும். அதே நேரத்தில் கருவிழியில் புண் தொடங்கியிருந்தால் அது எதிர்ப்பே இல்லாமல் வளரும். தாய்ப்பால் பீய்ச்சுவது, நந்தியாவட்டைச் சாறு விடுவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது எல்லாம் நல்ல மனசோடு செய்கிறார்கள். சீழ் உள்ள கண்ணில் தயவுசெய்து வேண்டாம்.

பொறுமையே வைத்தியமாகிற இடம் ஒன்று உண்டு. கைக்குழந்தைகள். பிறக்கும்போது குழாயின் கீழ்முனையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு சில குழந்தைகளுக்குத் திறக்கத் தாமதமாகும். சுண்டுவிரலால் கண்ணின் உள்ஓரத்திலிருந்து மூக்குச் சரிவில் கீழ்நோக்கி, அழுத்திச் சில முறை நீவிவிட வேண்டும். மருத்துவரிடம் ஒருமுறை கையைப் பிடித்துக் கற்றுக்கொண்டு நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடும். திறக்காதவர்களுக்கு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் திறப்பார்கள். பிறந்த சில நாட்களிலேயே மூக்கோரத்தில் நீலம் பாய்ந்த உருண்டை தெரிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அது மூக்கின் உள்பக்கமும் புடைத்துக்கொண்டு மூச்சை அடைக்கலாம். பச்சைக் குழந்தைக்கு வாயால் மூச்சு விட இன்னும் தெரியாது.

குழந்தைக்குச் செய்வது போல எனக்கும் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள் என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. பெரியவர்களின் அடைப்பு சவ்வு அல்ல, குழாயே தழும்பாகி ஒட்டிக்கொண்டது. திறந்தாலும் மறுபடி மூடிக்கொள்ளும். மாதாமாதம் உப்புநீர் விட்டுக் கழுவிக்கொள்வதும் அப்படித்தான்.

டிசிஆரும் டிசிடியும்

உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது. பெயர் இரண்டும் ஒன்று போலத் தெரிவதால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்வரை பலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

டிசிஆர் என்றால் புதுவழி வெட்டுவது. கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் எலும்பில் ஒரு ஜன்னல் திறந்து, பையின் உள்தோலை மூக்கின் உள்தோலோடு இணைத்துவிடுவார்கள். அடைபட்ட குழாயைத் தொடுவதே இல்லை. நீர் அதைச் சுற்றிக்கொண்டு மூக்குக்குப் போய்விடும். சீழும் நிற்கும், கண்ணீர் வடிவதும் நிற்கும். அனுபவமுள்ள கைகளில் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் பலன் கிடைக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை, மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம் வரும், ஒரு வாரம் பத்து நாள் மூக்கைச் சிந்தக் கூடாது. சிலருக்கு உள்ளே மெல்லிய சிலிக்கான் குழாய் வைத்துச் சில வாரங்கள் கழித்து எடுப்பார்கள்.

டிசிடி என்றால் பையையே எடுத்துவிடுவது. எலும்பை உடைப்பதில்லை, நேரமும் குறைவு, ரத்தமும் குறைவு. சீழ் தேங்க இடமே இல்லாமல் போய்விடும். ஆனால் கண்ணீர் போகவும் வழியில்லை, அது வாழ்நாள் முழுக்கக் கன்னத்தில் வடியும். பின்னால் மனம் மாறினாலும் திரும்ப முடியாத முடிவு இது. பை போன பிறகு டிசிஆர் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

இதைக் கேட்டதும் எல்லோரும் டிசிஆர் என்பார்கள். அதுவே பொதுவாகச் சரியும்கூட. ஐம்பது வயதில் தறி ஓட்டுகிற, டைலரிங் செய்கிற, பஸ் ஓட்டுகிற ஒருவருக்கு நிற்காத கண்ணீர் பிழைப்பையே கெடுக்கும். அவர்கள் சிரமப்பட்டாவது டிசிஆர் செய்துகொள்ள வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். “டிசிடி சீக்கிரம் முடிஞ்சுரும், நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்” என்ற காரணத்துக்காக நடுவயதில் பையை எடுத்துக்கொண்ட ஒருவர் மூன்று வருஷம் கழித்து என் எதிரே உட்கார்ந்து அழுதார். எது அழுகை, எது வடிகிற நீர் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆனால் எழுபத்தைந்து வயதில், இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றி, சுவரைப் பிடித்து நடக்கிற பாட்டிக்கு? அவருக்கு முதல் தேவை புரை நீங்கிப் பார்வை வருவது. வயதானால் கண்ணீர் சுரப்பதும் குறைந்துவிடும், பை இல்லாவிட்டாலும் பெரிதாக வடியாது. கண் வறட்சி உள்ளவர்களுக்கு வடிகால் இல்லாததே சில சமயம் உதவி. அவர்களுக்கு டிசிடியை இரண்டாந்தரம் என்று நினைத்து வருந்த வேண்டாம். மூக்கின் உள்தோல் சுருங்கிப்போனவர்களுக்கும் பையில் கட்டி என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கும் மருத்துவரே டிசிடியைச் சொல்வார்.

எந்த அறுவையானாலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

புரை அறுவைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அடுத்த கவலை. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். நாள் கணக்கைவிட, கண்ணோரத்தை அழுத்தினால் சீழ் வரவில்லை என்பதை மருத்துவர் பார்ப்பதுதான் முக்கியம். காலையில் அமுக்கி எடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மா டிசிஆர் செய்துகொண்டார். ஆறாவது வாரம் வந்தபோது அதே நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா எச்சில் விழுங்கிவிட்டு, “உப்புக் கரிக்குது!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே வெட்டுவதா, மூக்கு வழியாகவா?

டிசிஆர் என்று முடிவானதும் இன்னொரு தேர்வு வரும். 1904-ல் இத்தாலியின் டோட்டி எழுதிவைத்த முறை, மூக்கோரத் தோலில் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் கீறிச் செய்வது. மூக்கு வழியாகச் செய்யலாம் என்பதை அதற்கும் முன்பே, 1893-ல், அமெரிக்காவில் கால்ட்வெல் செய்துபார்த்தார். உள்ளே சரியாகத் தெரியாததால் அது ஒதுங்கிக் கிடந்தது. மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாயான எண்டோஸ்கோப் வந்த பிறகு, 1989 வாக்கில், மறுபடி உயிர்பெற்றது.

வெளிக்கீறலில் தழும்பு விழும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கண்ணாடியின் மூக்குப்பிடி மறைக்கிற அளவுக்கு மங்கிவிடும். தழும்பு தடித்து எழும் உடம்புவாகு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூக்கு வழியில் தழும்பே இல்லை, வீக்கமும் சீக்கிரம் வடியும். ஆனால் எண்டோஸ்கோப்பும் அதில் பழகிய கையும் வேண்டும். மூக்குத்தண்டு வளைந்திருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டி வரலாம். தனியாரில் செலவும் கூடும். தேர்ந்தவர்கள் செய்தால் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். முறையைத் தேடிப் போவதைவிட, உங்கள் மருத்துவர் எதை அதிகம் செய்கிறார் என்று கேளுங்கள். வெளிக்கீறலில் கைதேர்ந்தவரிடம் போய் “தழும்பு வேண்டாம், மூக்கு வழியாகவே செய்யுங்கள்” என்று வற்புறுத்துவதில் லாபமில்லை. கல்யாணம் ஆக வேண்டிய பெண் தழும்பை நினைத்துக் கலங்கினால் அதுவும் நியாயமான கவலைதான். அவருக்கு மூக்கு வழியாகச் செய்யும் இடத்தை நாங்களே எழுதிக் கொடுப்போம்.

திடீரென்று வீங்கிவிட்டால்

இதுவரை சொன்னது சாவகாசமாக யோசிக்கிற நோய்க்கு. நாள்பட்ட பை சில சமயம் ஒரே இரவில் கொதித்தெழும். மூக்கோரம் சிவந்து, தொட முடியாத வலியோடு, நெல்லிக்காய் அளவு வீங்கும். அப்போது அமுக்கக் கூடாது. உப்புநீர் விடுவதோ கம்பி விடுவதோ கூடாது. வெளியே வெட்டும் டிசிஆரும் அந்த நேரத்தில் பொதுவாகச் செய்ய மாட்டார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை, மிதமான சூட்டில் ஒத்தடம், இரண்டு நாளில் மறுபரிசோதனை. சீழ் கட்டி மெத்தென்று ஆகியிருந்தால் மருத்துவர் கீறி வடிப்பார். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டு அது தானாக உடைந்துவிட்டால், அந்த ஓட்டை வழியாகக் கண்ணீர் கன்னத்தில் கசிந்துகொண்டே இருக்கும் நிலை வரலாம். வீக்கம் அடங்கிய பிறகு டிசிஆர் செய்துகொள்ள வேண்டும். அடங்கிவிட்டது என்று வராமல் இருந்துவிடுகிறவர்கள்தான் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருகிறார்கள்.

இமைக்குள் ஒரு மெல்லிய தடுப்புச் சவ்வு இருக்கிறது. கண்ணீர்ப்பையின் சீழ் பெரும்பாலும் அதற்கு முன்பக்கமே நின்றுவிடும். அதைத் தாண்டிக் கண்குழிக்குள் போவது அபூர்வம், போனால் ஆபத்து. கண்குழிக்குள் சீழ் பிடிப்பதற்கு அதைவிடப் பெரிய வழி சைனஸ், அதாவது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள். கண்ணுக்கும் மூக்கோரச் சைனஸுக்கும் நடுவிலிருக்கும் எலும்பு காகிதம் போன்றது. சளி பிடித்த பிள்ளைக்கு மூன்றாம் நாள் ஒரு கண் வீங்குகிறது என்றால் இதை நினைக்க வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியது இதுதான். வீங்கிய இமையை விரலால் மெல்லத் தூக்குங்கள். கண் விழி எல்லாப் பக்கமும் திரும்புகிறதா, திரும்பும்போது வலிக்கிறதா? விழி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறதா? மற்றக் கண்ணை மூடிக்கொண்டால் உங்கள் விரல்களை எண்ண முடிகிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? இமை மட்டும் வீங்கி, விழி வெண்மையாக, சுதந்திரமாகத் திரும்பிப் பார்வையும் சரியாக இருந்தால் மறுநாள் காலைவரை நேரம் இருக்கலாம். மேலே சொன்னவற்றில் ஒன்று மாறியிருந்தாலும், காய்ச்சல், வாந்தி, கடுந்தலைவலி, தூக்கக் கலக்கம் சேர்ந்தாலும் இரவு இரண்டு மணி என்று பார்க்காமல் புறப்பட வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு சில மணி நேரத்தில் சாகும். கண்குழியின் ரத்தக்குழாய்கள் மூளையடியில் இருக்கும் ரத்தத் தேக்கத்தில் போய்ச் சேர்வதால் சீழ் அங்கேயும் போகலாம். மறு கண்ணும் வீங்கத் தொடங்குவது அதற்கு அறிகுறி, அது உயிருக்கே ஆபத்து.

அப்போது இருக்கிற ஒரே தேர்வு, எங்கே போவது என்பது. பக்கத்துத் தெருக் கண் கிளினிக்கா, தூரத்து அரசு மருத்துவக் கல்லூரியா? கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிற நானே சொல்கிறேன், மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். இந்த நோய்க்கு சிடி ஸ்கேன், காது மூக்கு தொண்டை மருத்துவர், கண் மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு நான்கும் ஒரே கூரையின் கீழ் வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் உள்ள இடத்துக்குப் போய் அங்கிருந்து மாற்றப்படும் நேரத்தில்தான் பார்வை போகிறது. எங்களிடம் வந்த ஒரு எட்டு வயதுப் பையனை அப்படித்தான் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம்.

அங்கே போனபின் மருத்துவர்கள் எடுக்கிற முடிவும் ஒரு ஒப்பீடுதான். ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தை, மூக்குப் பக்கமாகச் சிறிய சீழ்க்கட்டி, பார்வை சரி என்றால் ரத்தநாளம் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்து ஒன்றிரண்டு நாள் கவனித்துப் பார்ப்பார்கள். பல குழந்தைகள் கத்தியில்லாமலே தேறுகிறார்கள். பார்வை குறைந்தாலோ, கட்டி பெரிதானாலோ, பெரியவர்களானாலோ வடித்துவிடுவதே பாதுகாப்பு. “ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை” என்று உறவினர்கள் சண்டை பிடிப்பதையும், “இப்போதே ஏன் கத்தி வைக்கிறீர்கள்” என்று கையெழுத்துப் போட மறுப்பதையும் கேள்விப்படுகிறேன். அந்த வார்டில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளையின் பார்வையைச் சோதிக்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள். முடிவு அதை வைத்துத்தான் மாறும்.

சர்க்கரை கட்டுக்கு மீறிய ஒருவருக்குக் கண் வீக்கத்தோடு கன்னம் மரத்துப்போதல், மூக்கில் கறுத்த பொருக்கு, அண்ணத்தில் கறுப்பு தெரிந்தால் அது பாக்டீரியா அல்ல. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலில் சேர்த்த அதே கருப்புப் பூஞ்சை. கொரோனா அலை ஓய்ந்தாலும் சர்க்கரை நோயாளிகளுக்கு அது இன்னும் வருகிறது. சாதாரண ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. பூஞ்சையைக் கொல்லும் ஆம்ஃபோடெரிசின் ஊசியும் செத்த திசுவை வெட்டி எடுப்பதும் அன்றைக்கே தொடங்க வேண்டும்.

புறப்படும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, சர்க்கரை நோட்டு, காப்பீட்டு அட்டை மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். வீக்கம் எப்போது தொடங்கியது என்று மணியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீங்கிய கண்ணைக் காலையில் ஒருமுறை செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது இரவு டியூட்டியில் இருக்கும் மருத்துவருக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் உடனே புரிந்துவிடும்.